ஹலோ காக்காவும் தும்பு முட்டாஸ் தமிழும்

கல்முனைக் கரையில் ஓர் இருபத்தைந்து வருடம் பேசப்பட்ட மேடைப் பேச்சுகள் அத்தனையையும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை கேட்ட மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஒலிபெருக்கிக்காரர் ஹலோ காக்கா. எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். பேசியவர்கள்கூட அவற்றை முழுதாகக் கேட்டதில்லை என்பது என் துணிபு. கேட்டிருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

மற்ற எல்லாருக்கும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. பிரதம அதிதிக்குக் கைத்தொலைபேசி. முன்வரிசைக்குத் தூக்கம். பின்வரிசைக்கு வாசல், வாசலுக்கு அப்பால் பிளேன்டித் தேத்தண்ணி. ஒலிபெருக்கிக்காரருக்கு என்ன இருக்கிறது? கூட்டம் முடியும்வரை செட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைக் கீச்சிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக் கீச்சிட்டால் மண்டபமே அவரைத் திரும்பிப் பார்க்கும். பேச்சு கீச்சிட்டால் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

அவர் ஒருநாளும் "மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று சொன்னதே இல்லை. மைக்கைத் தட்டுவதும் இல்லை. "ஹலோ..." என்பார். சொல்லிவிட்டு, எதிர்முனையில் யாரோ பதில் சொல்லப் போவதுபோல் கொஞ்ச நேரம் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்காகவே அவருக்கு அந்தப் பெயர். அவருக்குச் சொந்தமாக வேறொரு பெயரும் இருப்பது அவருடைய மகளின் நிக்காஹ் அன்று, திருமணத்தை நடத்திவைத்த லெவ்வை அதைச் சத்தமாக வாசித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ஆருடா இது?" என்று பக்கத்தில் இருந்தவர் என் காதைக் கடித்தார்.

இனி என்னைப் பற்றி. நான் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறேன். முன்பு அந்த வேலைக்குக் கிளார்க் என்று பெயர். இப்போது முகாமைத்துவ உதவியாளர். மேசை அதேதான், கதிரை அதேதான், கோப்பும் அதேதான். சனி, ஞாயிறுகளில் ஊர் விழாக்களுக்கு நான்தான் அறிவிப்பாளர். "கிழக்கு வெளுக்க, கீழ்வானம் சிவக்க, கடலன்னை கைதட்டி வரவேற்கும் இந்த இனிய வேளையிலே" என்று நான் தொடங்கினால் மண்டபம் அமைதியாகிவிடும். அநேகமாகப் பின்னேரம் நாலு மணிக்குத்தான் தொடங்குவேன். கிழக்கு ஏன் அந்த நேரத்தில் வெளுக்கிறது என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு விழாவிலும் ஹலோ காக்காவுக்கும் எனக்கும் இடையில் ஒரு முழம்தான் தூரம். அப்படித்தான் அவருடைய சொற்கள் எனக்குத் தெரிய வந்தன.

செட்டின் திருகுகளுக்குக் கீழே அவர் வெள்ளை நாடா ஒட்டி, அதில் பேனாவால் சின்னச் சின்னதாக எழுதி வைத்திருப்பார். எந்த மைக் எந்தத் திருகு என்று எழுதியிருக்கிறார் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் குனிந்து பார்த்தேன். ஈர விறகு. பப்படம். ஏழு சாரன். தும்பு முட்டாஸ்.

"என்ன காக்கா இது, கடைக்குப் போற லிஸ்டா?"

"இல்ல தம்பி, ஆக்கள்ர லிஸ்டு" என்றார். "எல்லாரும் பெரிசாத்தான் கதைக்காங்க. ஆனா பெரிசுலயும் வகை இரிக்கி. வகை தெரியாம திருகினா ஆம்ப் பத்திரும்."

வகைகளை அவரே விளக்கினார். ஓய்வுபெற்ற அதிகாரிகள் பெரும்பாலும் ஈர விறகு. "புகை கண்ணக் கரிக்கும். பானை கொதிக்கா." தேர்தல் காலத்துப் பேச்சு பப்படம். "சூட்டுல போட்டாப் பொங்கும். ஆறினா நமுத்துரும்." கற்றறிந்தோர் ஏழு சாரன். "உள்ளுக்கு ஒரு சின்னக் கதை நிக்கி தம்பி, பாவம். அதுக்கு மேல ஏழு சாரன உடுத்தி வெச்சிரிக்காங்க. ஒவ்வொண்டாக் கழட்டி முடிய முன்னுக்கு சாப்பாடு வந்திரும்."

"தும்பு முட்டாஸ்?" பஞ்சு மிட்டாய்க்கு எங்கள் ஊர்ப் பெயர் அது.

"அது இலக்கியக்காரர். சீனி உண்மைதான், பொய் சொல்லக் கூடா. ஒரு கரண்டி சீனி. அதச் சுத்திச் சுத்தித் தலையளவு ஆக்கிப் போடுவாங்க. வாயில வெச்சாக் காணாமப் போயிரும். அதுக்கு பேஸக் குறைச்சி விடணும். எக்கோவத் தொடவே கூடா."

படித்தவன் என்ற முறையில் அவருக்கு உதவுவது என் கடமை என்று எனக்குப் பட்டது. "காக்கா, இதுக்கெல்லாம் தமிழ்ல நல்ல நல்ல சொல்லு இரிக்கி. சொல்லாடம்பரம். படாடோபம். வெற்றாரவாரம்."

"கடைசிச் சொல்ல இன்னொருக்காச் சொல்லுங்க."

"வெற்றாரவாரம்."

அவர் யோசித்தார். கை தானாகவே வொலியூம் திருகின் பக்கம் போனது. "வீங்கின கதைக்குப் பேர் வெக்கப் போனா, அந்தப் பேரும் வீங்கியெல்லவா இரிக்கி?" என்றார்.

இதெல்லாம் எங்கள் இருவருக்குள் இருந்தவரை ஊரில் குழப்பம் இல்லை. குழப்பம் ஒரு கவிதை நூல் வெளியீட்டில் வந்தது.

எங்கள் ஊர்க் கலை இலக்கிய அமைப்புக்கு ஒரு தலைவர் உண்டு. ஓய்வுபெற்ற அதிபர். அமைப்பைத் தொடங்கியவர் அவர், அதன் ஆயுட்காலத் தலைவரும் அவர்தான், அமைப்பு வழங்கும் பட்டங்களை அதிகமாக வாங்கியவரும் அவர்தான். கலைப்பேரொளி, சமூகச் சுடர், கீழைக்கரையின் கலங்கரை என்று நீளும் அந்தப் பட்டியலை ஒன்றும் விடாமல் நான் வாசித்து முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவர் கதிரையில் உட்காருவார். அதுவரை நிற்பார். ஒருமுறை நடுவில் ஒரு பட்டத்தை மறந்துவிட்டேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

அன்று மண்டபத்தில் மின்விசிறி ஓடவில்லை. வியர்வை எல்லாருடைய கொலரையும் நனைத்துக்கொண்டிருந்தது. தலைவர் எழுந்தார். "தென்றல் தலை வருட, தேன்மலர்கள் இதழ் விரிக்க, சொற்களெல்லாம் சொக்கி நின்று சுந்தரத் தமிழாய் வழிகின்ற..." என்று தொடங்கினார். வாக்கியத்துக்கு முடிவு கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. அந்த நேரம் ஒருவர் ஹலோ காக்காவுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "என்ன காக்கா கதைக்கார் இவரு?" என்று கேட்டார்.

காக்கா ஒரே சொல்லில் பதில் சொன்னார். மடியில் கிடந்த மேலதிக மைக்கை அணைக்க மறந்திருந்தார்.

"தும்பு முட்டாஸ்."

மண்டபத்தின் நாலு மூலையிலிருந்தும், வாசலில் கட்டியிருந்த குழாயிலிருந்தும், தெருவிலும் அது தெளிவாகக் கேட்டது. தலைவர் வாயைத் திறந்தபடியே நின்றார். பின்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை கதிரையில் ஏறி நின்று, "உம்மா, முட்டாஸ் எங்க? எங்க?" என்று கேட்டது.

அதற்குப் பிறகு வெளியீடு நடந்ததா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. சிரித்த சிரிப்பில் பிரதம அதிதிக்குப் புரையேறியது நினைவிருக்கிறது. விழா முகநூலில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது வேறு. கட்டாரில் இருந்த என் மச்சான் அடுத்த நிமிடமே வட்ஸ்அப்பில் தும்பு முட்டாஸ் படம் ஒன்று அனுப்பினான்.

மறுநாள் தலைவர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்தார். "போய் அவனிடம் விளக்கம் கேட்டு வாரும்" என்றார். அவர் வீட்டில்கூட எழுத்துத் தமிழில்தான் பேசுவார். நான் போய்க் கேட்டேன். காக்கா எதையும் மறைக்காமல் விளக்கம் சொன்னார். திரும்பி வந்து நான் பாதியை மட்டும் சொன்னேன்.

"உங்கட பேச்சு இனிப்பா இரிக்கி எண்டு சொல்றார், சேர்."

தலைவர் முகம் மலர்ந்தது. ஒரு நாள் முழுதும் மலர்ந்தே இருந்தது. அடுத்த நாள் யாரோ மற்றப் பாதியையும் சொல்லிவிட்டார்கள்.

அத்துடன் ஊர் மேடைகளில் ஹலோ காக்காவின் செட் நின்றது. தலைவருக்கு எல்லா அமைப்பிலும் ஆள் இருந்தார்கள். விளையாட்டுக் கழகம், பாடசாலைப் பரிசளிப்பு, பிரியாவிடை எல்லாவற்றுக்கும் வெளியூரிலிருந்து ஆளுயரப் பெட்டிகளோடு புது செட் வந்தது. புது செட்காரர்களுக்குத் தெரிந்தது ஒரே திருகு. அது எக்கோ. தலைவர் எழுந்து "அன்பார்ந்த சமூகமே!" என்றதும் மண்டபம் "மே... மே... மே..." என்று பதில் சொன்னது. வெளியே கட்டியிருந்த ஆடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். ஆனால் தலைவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கடலே தனக்கு மறுமொழி சொன்னதுபோல் இருந்தது என்றார்.

காக்காவுக்கு மிஞ்சியது தெரு அறிவித்தல் மட்டும்தான். ஓட்டோவின் கூரையில் ஒரு குழாயைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் ஓட்டி, மறுகையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, மரணத்தைச் சொல்லும் மௌத்து அறிவித்தல், தண்ணீர் வெட்டு, காணாமல் போன மாடு என்று ஊரைச் சுற்றினார். வீட்டு விறாந்தையில் பெரிய பெட்டிகள் இரண்டும் பழைய சேலை போர்த்திக் கிடந்தன. அவருடைய மனைவி அவற்றின் மேல் வற்றல் மிளகாய் காயவைத்தார்.

எனக்குக் குற்ற உணர்ச்சி. புது செட்டுக்குப் பக்கத்தில் நின்று அறிவித்துக்கொண்டிருந்தவன் நான்தானே? ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு குழாயைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, வேளாண்மையைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, வந்த காரியம் அதுதான் என்பதுபோல, பல வருடங்களாக மனதில் கிடந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"காக்கா, எனக்கு என்ன சொல்லு வெச்சிரிக்கீங்க?"

"உங்களுக்கா? உங்களுக்கு எதுக்கு?"

"நான் கிட்ட வந்தா அந்த நாடாவக் கையால மறைக்கிறீங்களே. நான் காணல்ல எண்டு நினைச்சீங்களா?"

அவர் துணியைக் கீழே வைத்தார். "கோவிக்கப்படா."

"இல்ல."

"பொன்னாடை."

எனக்கு உள்ளூரக் குளிர்ந்துவிட்டது. ஈர விறகும் பப்படமும் இருக்கிற பட்டியலில் பொன்னாடை என்றால் சும்மாவா? சிரிப்பை அடக்க முடியாமல், "ஏன் காக்கா அப்பிடி?" என்று கேட்டேன். அங்கேதான் பிழை விட்டேன். அதோடு எழும்பி வந்திருக்க வேண்டும்.

"உங்கட தமிழ் எல்லாருக்கும் ஒரே அளவு, தம்பி. மந்திரிக்கும் அதான், மையவாடியில குழி வெட்டுறவருக்கும் அதான். தோள்ல போத்தக்குள்ள மின்னும், படம் எடுக்கலாம். வீட்ட கொண்டு போனா ஒண்டுக்கும் உதவா. உடுக்கவும் ஏலா, துடைக்கவும் ஏலா, எறியவும் மனம் வரா. அலுமாரிக்குள்ள கிடக்கும்."

கோபிக்க மாட்டேன் என்று சொன்னவன் கோபித்தேன். சும்மா கோபிக்கவில்லை, செய்யுள் நடையில் கோபித்தேன். "கலையின் அருமை கருங்கல்லுக்குத் தெரியாது" என்று எதையோ சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன். ஒரு செருப்பை மாறி மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கக்கூட இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் அலுமாரியைத் திறந்தால் எனக்குக் கிடைத்த பதினாலு பொன்னாடையும் என்னைப் பார்க்கும். மூடிவிடுவேன்.

அந்த வருடத்து மாரி பொல்லாத மாரி. வயலெல்லாம் கடலாகிக் கிடந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவே போகிற தோணா வாய்க்காலின் வாய் மணல் மூடி அடைத்திருந்தது. ஒரு காலை பத்து மணியளவில் எங்கள் அலுவலகத்துக்கு அவசரச் செய்தி வந்தது. மேலே குளத்தின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பின்னேரத்துக்குள் தோணாக்கரைத் தெருக்களுக்கு வரும். உடனே ஊருக்கு அறிவிக்க வேண்டும்.

"நீங்கதானே தமிழ்ல வல்லவர், எழுதுங்க" என்றார் மேலதிகாரி.

எழுதினேன். அன்று எழுதிய கடதாசி இன்றும் என்னிடம் இருக்கிறது: "நிலவும் சீரற்ற காலநிலையின் நிமித்தம், தாழ்நிலப் பகுதிகளில் வதியும் பெருமதிப்பிற்குரிய பொதுமக்கள் யாவரும், எதிர்நோக்கப்படும் நீர்மட்ட உயர்வினைக் கருத்திற்கொண்டு, தத்தமது பாதுகாப்பினை உறுதிசெய்யும் பொருட்டு உரிய முன்னேற்பாடுகளை மேற்கொள்ளுமாறு விநயமாய்க் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்." அந்த "விநயமாய்" என்ற சொல் சரியாக வந்து விழப் பத்து நிமிடம் எடுத்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அவசரத்துக்கு வெளியூர் செட் வருமா? ஓட்டோவில் குழாயோடு இருந்தவர் ஒருவர்தான். கடதாசியை மழைக்கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். காக்கா என் முகத்தையும் பார்த்தார், காலையும் பார்த்தார். அன்று சரியான செருப்புத்தான்.

"ஏறுங்க" என்றார்.

தோணாக்கரையில் முதல் தெரு. நான் பின்னால் இருந்தேன். அவர் கடதாசியைப் பிடித்து, ஒரு எழுத்து விடாமல், மரியாதையோடு வாசித்தார். அரசாங்கக் கடதாசி என்றால் அவருக்கு அப்படி ஒரு பயபக்தி. ஒரு பெண் கோப்பை கழுவுவதை நிறுத்தி, முந்தானையைத் தலைக்குப் போட்டு, முழுதும் கேட்டார். பிறகு மற்றக் கோப்பையை எடுத்துக் கழுவினார். சைக்கிளில் வந்த ஒருவர் பிரேக் பிடித்து, "கேஸ் சிலிண்டர் வந்திரிக்கா காக்கா?" என்று விசாரித்தார்.

இரண்டாம் தெருவிலும் அதேதான். மூன்றாம் தெருவில் நம் தலைவரின் வீடு. அவர் குடை பிடித்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வந்தார். கடைசிச் சொல்வரை கண்ணை மூடிக் கேட்டார். அப்படி ரசித்துக் கேட்டவர் அந்தத் தெருவிலேயே அவர் ஒருவர்தான்.

"நல்ல தமிழ்" என்றார் என்னைப் பார்த்து. "எத்தனை மணிக்குக் கூட்டம்? தலைமை யார்?"

காக்கா ஓட்டோவை நிறுத்தினார். எஞ்சினையும் நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, தண்ணி எத்தின மணிக்கு வரும்?"

"பகல் லுஹர் தொழுகைக்குப் புறகு."

"எவ்வளவு வரும்?"

"இடுப்பளவு எண்டு சொன்னாங்க."

"இந்தக் கடதாசியில இது ரெண்டும் எங்க இரிக்கி? நான் மூணு தரம் வாசிச்சிட்டன். எனக்குக் கிடைக்கல்ல."

கடதாசியை வாங்கித் தேடினேன். நானே எழுதியது. மேலிருந்து கீழ்வரை தேடினேன். இல்லை. தண்ணீர் என்ற சொல்லே அதில் இல்லை. நீர்மட்ட உயர்வு என்றிருந்தது.

காக்கா கடதாசியை என்னிடமிருந்து மெதுவாக வாங்கி, மடித்து, நனையாமல் என் சட்டைப் பைக்குள்ளேயே வைத்தார். பிறகு மைக்கை எடுத்தார்.

"ஹலோ. தண்ணி வருது. குளம் திறந்தாச்சி. லுஹருக்குப் புறகு இந்தத் தெருவுக்கு வரும். இடுப்பளவு வரும். நடக்க ஏலாத ஆக்கள முதல்ல தூக்குங்க. புள்ளையளக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூட மாடிக்கு வாங்க. சாமானப் பாக்க வேணா. கெதியா வாங்க."

தலைவரின் குடை சாய்ந்தது. அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பேச்சுத் தமிழ் அன்றுதான். "அல்லாஹ்!" என்றார். "மனிசி குளிச்சிக்கிட்டு இரிக்காவே!" என்று சொல்லிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பிறகு தெரு எழும்பியது. கதவுகள் திறந்தன. கோப்பை கழுவிய பெண் இரண்டு பிள்ளைகளை இரண்டு இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஓடினார். கேஸ் கேட்டவர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தன் மாமனாரை முதுகில் சுமந்து வந்தார். காக்கா வாசித்து முடித்த இரண்டு தெருக்களுக்கும் திரும்பப் போனார். மறுபடி முதலிலிருந்து. ஒரு வீட்டில் பக்கவாதத்தில் கிடந்த ஒருவரைத் தூக்க ஆளில்லை. நாங்கள் இருவரும் தூக்கி ஓட்டோவில் கிடத்தினோம். அவருடைய தலை என் மடியில். லுஹர் பாங்கு சொல்லும்போது காக்காவின் தொண்டை அடைத்துவிட்டது. மைக்கை என்னிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க."

என் வாழ்க்கையில் நான் மைக்குக்குப் பயந்தது அன்று மட்டும்தான். "ஹலோ" என்றேன். "தண்ணி வருது" என்றேன். கிழக்கும் வெளுக்கவில்லை, கடலன்னையும் கைதட்டவில்லை. சொல்ல வேண்டியது நாலு வரியில் முடிந்துவிட்டது.

தண்ணீர் பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. இடுப்பளவு என்றார்கள், சில வீடுகளில் நெஞ்சளவு வந்தது. மூன்று மாடும் எத்தனையோ குளிர்சாதனப் பெட்டிகளும் போயின. ஆள் ஒன்றும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பள்ளிக்கூட மாடியில் எல்லாரும் நனைந்துபோய் இருந்தோம். பிள்ளைகள் நடுங்கினார்கள். போர்வைகள் வரச் சுணங்கும் என்றார்கள். அப்போதுதான் தலைவர் ஒரு மூலையில் மனைவியோடு இருப்பதைக் கண்டேன். காலடியில் பொலித்தீனால் சுற்றிக் கட்டிய இரண்டு பெரிய பொதிகள். வீட்டில் எவ்வளவோ இருக்க, அந்த மனிதர் தூக்கிவந்தது அவற்றைத்தான். அவருடைய மனைவி அந்தப் பொதிகளைப் பார்த்த பார்வையைப் பார்த்தே உள்ளே என்ன என்று எனக்கு விளங்கிவிட்டது.

தலைவர் கொஞ்ச நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து முடிச்சை அவிழ்த்தார். முப்பது வருடத்துப் பொன்னாடைகள். சிவப்பு, பச்சை, நீலம், எல்லாவற்றுக்கும் சரிகைக் கரை. ஒவ்வொரு பிள்ளையாகப் போய்ப் போர்த்தினார். போர்த்தி முடிந்ததும் பார்க்க வேண்டுமே! தரையெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்னப் பிரதம அதிதிகள். ஒரு பொடிப்பிள்ளை பச்சைப் பொன்னாடையில் மூக்கைத் துடைத்தது. தலைவர் பார்த்தார். பொன்னாடையை இன்னும் இறுக்கிப் போர்த்திவிட்டார்.

நான் காக்காவின் முகத்தைப் பார்த்தேன். எனக்கு வைத்த சொல்லை இப்போதாவது வாபஸ் வாங்குவார் என்று ஓர் ஆசை. வாங்கவில்லை. அடைத்த தொண்டையால், "புள்ளையளுக்கு நடுக்கம் நிண்டுட்டு" என்று மட்டும் சொன்னார். பிறகு எழும்பிப் போய்த் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரோ கொண்டுவந்த ஒரு பிளேன்டியை இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

தண்ணீர் வடிந்து இரண்டு மாதத்தில் ஹலோ காக்காவுக்குப் பாராட்டு விழா. தலைவரே ஒழுங்கு செய்தார். காக்கா வேண்டவே வேண்டாம் என்றார். கடைசியில் தன்னுடைய செட் என்றால் வருவதாகச் சொன்னார். வந்து, மேடையில் ஏறாமல், செட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். போர்த்திய பொன்னாடையோடு வயர்களைச் சரிபார்த்தார். "ஒலிச்செம்மல்" என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தப் பட்டத்தை யோசித்தது யார் என்று கேட்காதீர்கள்.

தலைவர் பேச எழுந்தார். "சுருங்கச் சொல்லும் கலையைச் சகோதரர் ஒலிச்செம்மல் நமக்குக் கற்றுத் தந்தார்" என்று தொடங்கினார். சுருங்கச் சொல்வதன் சிறப்பைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். முன்வரிசை தூங்கிற்று. பின்வரிசை பிளேன்டிக்குப் போயிற்று. காக்கா மட்டும் இருந்து கேட்டார். தலைவரின் குரல் வயதினால் கொஞ்சம் தளர்கிற இடங்களில் எல்லாம் அவருடைய விரல் மெல்ல அந்தத் திருகைக் கூட்டிவிட்டதை நான் பார்த்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு சொல்கூட மங்கவில்லை.

ஏற்புரைக்கு அழைத்தேன். இருந்த இடத்திலேயே மைக்கை எடுத்து, "எல்லாரும் சாப்பிட்டுப் போங்க" என்றார்.

இதை எழுதத் தொடங்கும் முன் அவருடைய அனுமதி வேண்டும் என்று போன வாரம் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது கோமாரி என்ற ஊரில் மகளின் வீட்டில் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். மூன்று தரம் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது.

"எழுதுங்க தம்பி, அதுக்கென்ன" என்றார். "சின்னதா எழுதுங்க."

முதலில் எழுதியது இதைப்போல் மூன்று மடங்கு இருந்தது. வெட்டினேன். மறுநாள் இன்னும் வெட்டினேன். அடைமொழிகளை வெட்டினேன், உவமைகளை வெட்டினேன், எனக்குப் பிடித்த இரண்டு பந்திகளைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன். இதற்கு மேல் அவரைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.